பாதி வேலை நம்ம ஊருக்கு

மணலி புதுநகரைத் தாண்டி இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் வில்சன் லோடுமேனாக இருந்தான். கப்பலில் வந்து இறங்கிய இரும்புப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் மூட்டைகளையும் மரப்பெட்டிகளையும் இறக்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும். வெயில் நேரத்தில் பெட்டிக்குள் நின்றால் அடுப்புக்குள் நிற்பது போல இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் செய்துவந்த வேலை அது. ஆனாலும் நிரந்தரம் கிடையாது. யார்டுக்கு ஆள் கொடுக்கும் கான்ட்ராக்டை எடுத்திருந்த மேஸ்திரி பக்தவச்சலம் விடியற்காலையில் போன் செய்தால் அன்றைக்கு வேலை உண்டு. போன் வராவிட்டால் ராயபுரத்து வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவனோடு ஜோடியாக மூட்டை பிடிப்பவன் சாவியோ. ஒரே தெருக்காரன், சின்ன வயதுத் தோஸ்து. இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் திரும்புவார்கள்.

மாநகராட்சித் தேர்தல் அறிவித்த வாரத்தில் அன்புக்கரசி யார்டு வாசலுக்கு ஓட்டு கேட்டு வந்தாள். எம்.கே.பி. நகர்க்காரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள். கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடியபோது, கூட வேலை செய்த பெண்களைத் திரட்டி வாசலில் உட்கார்ந்து பெயர் வாங்கியவள். கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றாலும், ஜெயித்தால் அன்புக்கரசிதான் மேயர் என்று கட்சி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

அவள் ஒரு லோடு ஆட்டோவின் மேல் ஏறி நின்று பேசினாள். திருவொற்றியூரில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தைத் திறந்து, நம்ம பிள்ளைகளுக்கு கிரேன் ஓட்டவும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும் பயிற்சி கொடுக்கப் போவதாகச் சொன்னாள். துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு யார்டிலும் பாதி வேலையை வடசென்னைக்காரர்களுக்குக் கொடுக்க வைப்பேன் என்றாள். ஊரில் சம்பளம் புழங்கினால் கடை நடக்கும், கடை நடந்தால் இன்னும் நாலு பேருக்கு வேலை வரும் என்றாள். டீ குடிக்க வந்த ஆட்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

வில்சன் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

“யக்கா, இந்தப் பொட்டியெல்லாம் எங்க வூட்டாண்டதான் போவுது, வருது. லாரிப் பொகைய நாங்க துன்றோம். வேலை மட்டும் எங்களுக்கு இன்னிக்கு கீது, நாளிக்கு இல்ல. நீ மேயராயிட்டா இத மெய்யாலுமே செய்வியா, இல்ல எல்லாரு மாதிரியும் சொல்லிட்டுப் பூடுவியா?”

அன்புக்கரசி ஆட்டோவிலிருந்து இறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள்.

“முடியுமான்னு எனக்கே முழுசா தெரியலண்ணே. ஆனா செய்யச் சொல்லி இவுங்க வாசல்ல வந்து குந்திக்குவேன். செய்யற வரைக்கும் எயுந்திரிக்க மாட்டேன்.”

யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். இரண்டே நாளில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எல்லோர் போனிலும் அது ஓடியது. இப்படி ஒளிக்காமல் பேசுகிற வேட்பாளரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று ஜனங்கள் சொன்னார்கள். கட்சிக்காரர்கள் வில்சனைத் தேடி வந்து போட்டோ கேட்டார்கள். கொடுத்தான். அன்புக்கரசி பக்கத்தில் அவன் நிற்பது போல பேனர் அடித்து, ‘பாதி வேலை நம்ம ஊருக்கு’ என்று எழுதிக் கல்மண்டபத்தில் கட்டினார்கள்.

அவன் மனைவி ஜானட் காசிமேட்டில் எறா உரிக்கிற கொட்டகையில் வேலை செய்கிறாள். போகிற வழியில் பேனரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“உன் மூஞ்சிய எதுக்குய்யா குடுத்த? ஓட்டு கேக்கறது அவ. உனக்கின்னா?”

“நல்ல விசயம்தான ஜானட்டு.”

“நல்ல விசயம்தான். நாளிக்கு யார்டுல இன்னா சொல்வாங்கன்னு யோசிச்சியா?”

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சாவியோ மட்டும் போனான். வில்சன் பஸ் பிடித்துப் போய், யார்டுக்கு எதிர் டீக்கடையில் பக்தவச்சலத்தைப் பிடித்தான்.

“இன்னா நைனா, பெரிய தலைவராயிட்ட. உன்னைப் போயி மூட்ட தூக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“வெளையாடாதீங்க மேஸ்திரி.”

பக்தவச்சலம் சிரிப்பை நிறுத்தினார். “நான் வெளையாடல. ஆபீஸ்ல பேனரப் பாத்துட்டாங்க. அந்த ஆளு உள்ள வரக்கூடாதுன்னு என்னாண்ட சொல்லிட்டாங்க. எலீக்சன் முடியட்டும். எனக்கும் புள்ளகுட்டி கீது வில்சா.”

அவர் மேல் வில்சனுக்குக் கோபம் வரவில்லை. சாவியோ அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோளில் தட்டினான். “வுடு மாமு. யக்கா ஜெயிச்சிட்டா மேஸ்திரிக்கே நீதான் மேஸ்திரி. நான் உன்னாண்ட வேலை கேட்டு வரப்போறேன் பாரு.”

வேலை இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? வில்சன் அன்புக்கரசியோடு ஓட்டு கேட்கப் போனான். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று தெருத்தெருவாக நடந்தான். ஜனங்கள் அவனை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சும்மா கீறான், என் மருமவன் வண்டி ஓட்டுவான், பாத்துச் செய்ப்பா என்று அவனிடம் சொன்னார்கள். தன்னிடம் ஏன் சொல்கிறார்கள் என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அவனும், “யக்கா செய்வாங்க” என்று சொல்லப் பழகிவிட்டான். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை ஏறியது.

எண்ணூரில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரக்குப்பத்தில் மட்டும் கெங்கம்மா என்ற மீன்காரப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எங்களுக்கு எதுக்கும்மா நீ வேலை குடுக்கற? எங்க வேலை அந்த ஆத்துல கீது. கம்பெனிக்காரங்கள அதுல சாம்பலக் கொட்டாம, எண்ணெய வுடாம இருக்கச் சொல்லு, போதும். அது உன்னால ஆவுமா?”

 “கேட்டுப் பாக்கறேன்க்கா” என்றாள் அன்புக்கரசி. ஆட்டோவில் திரும்பும்போது அவள் வழி நெடுக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். வில்சனுக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

அவள் ஜெயித்தாள். கட்சியும் ஜெயித்தது. சொன்ன மாதிரியே அவளை மேயராக்கினார்கள். அங்கி போட்டு, சங்கிலி மாட்டி, செங்கோல் பிடித்து நின்றவளை டிவியில் பார்த்து ராயபுரத்தில் வெடி வெடித்தார்கள். சாவியோ வில்சனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினான். ஜானட் கூட அன்றைக்குச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. பக்தவச்சலம் இன்னும் கூப்பிடவில்லை. வில்சன் கிடைத்த வேலைக்குப் போனான். கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கினான், வீடு மாற்றுகிறவர்களுக்குப் பீரோ தூக்கினான். ஒருநாள் ரிப்பன் மாளிகைக்குப் போய் அன்புக்கரசியைப் பார்த்தான். பெரிய மேஜைக்குப் பின்னால் அவள் சின்னதாகத் தெரிந்தாள். எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“தெனம் ஒரு ஆபீசுக்குப் போறேண்ணே. போர்ட்டு டெல்லிக்குச் சேர்ந்ததுன்றாங்க. கம்பெனியெல்லாம் கோட்டையில கேளுங்கன்றாங்க. என் கையில கீறது தெருவெளக்கு, மழைத்தண்ணி கால்வா, குப்பை. சரி, குப்பையிலயாவது நாலு பேருக்கு வேலை போடலாம்னு பாத்தா, அதையும் கான்ட்ராக்டு வுட்டுட்டாங்க. நான் கையெழுத்து போட்டு ஒரு ஆளுக்கு வேலை குடுக்க முடியாதுண்ணே.”

“அப்போ இன்னாக்கா பண்றது?”

“சொன்னபடி போயி குந்திக்கிறேன்.”

உண்மையாகவே யார்டு வாசலுக்குப் போனாள். மேயர் வந்து வாசலில் உட்கார்ந்தால் கம்பெனி விட்டுவிடுமா? உள்ளே கூப்பிட்டு, ஏசி அறையில் உட்கார வைத்து, முந்திரிப் பக்கோடா கொடுத்தார்கள். மேனேஜர் மரியாதையாகப் பேசினார். அவள் கேட்டதற்கு எல்லாம் சரி என்றார். திருவொற்றியூர்ப் பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்துப் பயிற்சி மையம் திறந்தார்கள். அங்கே பயிற்சி முடித்த பிள்ளைகளை யார்டு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். யார்டு வேலையில் பாதிக்கு மேல் இனி உள்ளூர்க்காரர்களுக்கு என்றும் சொன்னார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது.

மையத்தின் திறப்பு விழா மேடைக்கு வில்சனையும் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்கு அடையாள அட்டையை அவன் கையால் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள். கீழே அம்மாக்கள் அழுதார்கள்.  தன்னால் ஒரு காரியம் நடந்தது என்று அவன் வாழ்க்கையில் நினைத்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

இறங்கும்போது மேனேஜரிடம் கேட்டான். “சார், பழைய ஆளுங்க?”

“அவங்களுக்கென்னப்பா, கான்ட்ராக்டர் பாத்துக்குவார்” என்றார் அவர்.

அடுத்த வாரம் சாவியோவுக்குப் போன் வரவில்லை. பழைய கேங்கில் ஒருவருக்கும் வரவில்லை. பக்தவச்சலத்தின் கான்ட்ராக்டையே நிறுத்திவிட்டார்கள். யார்டிலேயே பயிற்சி என்று சொல்லி, மூட்டை இறக்கும் வேலையை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பயிற்சிக் காலம் என்பதால் அவர்களுக்குக் கூலி கிடையாது, உதவித்தொகைதான். அது கூலியில் பாதி கூட வராது. கிரேன் பக்கம் அவர்களை யாரும் விடவில்லை.

சாவியோ, பக்தவச்சலம், இன்னும் கேங்கில் இருந்தவர்கள் எல்லோரும் வடசென்னையில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் அந்த யார்டில் வேலை செய்தார்கள் என்று எந்தப் பதிவிலும் இல்லை. பெயரே இல்லாதவர்களை வேலையை விட்டு எடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது சாவியோ காத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆன்சி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா செய்வாங்கன்னியே மாமு. எங்க வேலையப் புடுங்கி எவனுக்குக் குடுத்த?”

“சாவியோ, எனக்கு மெய்யாலுமே தெரியாதுடா. இப்பிடிப் பண்ணுவாங்கன்னு—”

“நீதான கேட்ட? வாசல்ல நின்னுகினு வாய வச்சிகினு சும்மா இல்லாம நீதான கேட்ட? இன்னிக்கு கீது, நாளிக்கு இல்லைன்னு சொன்னியே. இன்னிக்கும் இல்லாமப் பண்ணிட்டியேடா.”

“வாய்யா, கோயில் வாசல்ல வாணாம்” என்று ஆன்சி அவனை இழுத்தாள்.

சாவியோ அடிப்பான் என்று வில்சன் நினைத்தான். அடித்திருந்தால் பரவாயில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான். ஜானட் கூட்டத்துக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போகும் வரை அவள் அவன் கையை விடவில்லை.

திங்கட்கிழமை வில்சன் மறுபடியும் ரிப்பன் மாளிகைக்குப் போனான். அன்புக்கரசிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவன் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் குரல் வெளியே கேட்டது. “மேடம், நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்? உள்ளூர்ப் பசங்களுக்கு வேலை. பேப்பர்ல உங்க போட்டோ கூட வந்துதே.” அவள் போனை வைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே போகிற ரயிலைப் பார்த்தாள்.

“நான் திரும்ப வாசல்ல குந்தினா, அந்தப் பசங்களத் தொரத்துன்னு கேட்டதா ஆவும். அதுங்களும் நம்ம புள்ளைங்கதானண்ணே. இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

அன்புக்கரசி மேஜையில் கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

“குப்பை கான்ட்ராக்ட்ல பேட்டரி வண்டி ஓட்ட ஒரு ஆளு வோணும்னாங்க. ஒன்னுதான். நீ போறியா?”

“சாவியோவுக்குக் குடுக்கா. எனக்கு வோணாம்.”

அவள் ஆள் அனுப்பிக் கேட்டாள். வில்சன் சொல்லி வருகிற வேலை தனக்கு வேண்டாம் என்று சாவியோ சொல்லிவிட்டான். அந்த வாரமே கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு பட்டறைக்குப் போய்விட்டான். அங்கேயே ஷெட்டில் தங்கி, மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்தான்.

பேட்டரி வண்டி வேலைக்குக் கடைசியில் வில்சனே போனான். எறாக் கொட்டகையில் சரக்கு வரத்துக் குறைந்து, ஜானட்டுக்கும் பாதி நாள் வேலை இல்லை. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் தெருத்தெருவாக வண்டியை ஓட்டினான். இதுவும் கான்ட்ராக்ட்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் யார்டு அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுத்தது. அதற்கும் விழா நடந்தது. இந்த முறை வில்சனைக் கூப்பிடவில்லை. அன்புக்கரசி மேடையில் உட்கார்ந்திருந்ததாகவும், பேசக் கூப்பிட்டபோது இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டதாகவும் யாரோ சொன்னார்கள்.

அவன் தெருவுக்கும் அவன்தான் குப்பை எடுக்க வேண்டும். ஆன்சி தினமும் குப்பை வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் வெளியே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“சாவியோ எப்டி கீறான் ஆன்சி?”

 வாளியை அவனே எடுத்துக் கொட்டினான்.

“கைல பழுக்கக் காஞ்ச கம்பி பட்டுடுச்சி. முழங்கை வரைக்கும் வெந்து போச்சு” என்றாள். “வூட்டுக்கு வாய்யான்னேன். வந்தா அந்த எடமும் பூடும்னு கட்டு போட்டுகினு வேலைக்குப் போய்கினு கீறான்.”

“நான் போயி பாக்கட்டுமா?”

“வாணாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “உன்னப் பாத்தா அந்த மனுசன் இன்னும் ஒடஞ்சி பூடுவான்.”

வாளியை அவளிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அடுத்த வீட்டு வாசலில் குப்பையோடு ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். வில்சன் வண்டியை நகர்த்தினான்.