கீழ் லயத்திலிருந்து ஆறு அழைப்புகள்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருந்தவர்கள் நால்வர். கதவோரம், நனைந்த குடையுடன் கீழ் லயத்துப் பொன்னையா. எதிரே, பிள்ளைகளின் குட்டை வாங்கில் பிரேமினி. மேட்டு லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, இப்போது தொலைபேசிக் கம்பனியில் பொறியியலாளர். சன்னலருகே பொன்னையாவின் பக்கத்து வீட்டு ஜீவராணி. மேசையில், அந்தக் கம்பனிக்குக் கடிதம் எழுத, நலன்புரிச் சங்கச் செயலாளராகிய நான்.

பொன்னையாவின் மனைவி நாகலெட்சுமி நெஞ்சுவலியில் இறந்து முப்பத்தொரு நாள். அன்று பொன்னையா ஆம்புலன்ஸுக்கு ஆறு தரம் போன் எடுத்தார். ஒன்றும் போகவில்லை. முறையிட்டதற்கு, அவருடைய போன் பழுது என்று கம்பனி பதில் அனுப்பியிருந்தது.

"போன மாத்துங்கன்னு அவ தீவாளியிலருந்து சொன்னா. நான்தான் கேக்கல," என்றார் பொன்னையா.

"போன்ல பழுதில்ல மாமா," என்றாள் பிரேமினி. "டவர்ல அறுபத்துநாலு ஆண்டெனா. எல்லா போனையும் ஒரே நேரத்துல கேக்கும், காலைப் பெரட்டுல பேரு பதியுறப்ப எல்லாரும் ஒண்ணா குரல் குடுக்குறாப்புல. யாரு என்ன சொன்னாங்கன்னு பிரிக்கணும். எல்லாத்தையும் ஒத்துப் பாக்குற முறைக்கு நேரமும் கரண்டும் கூட. நான் சுருக்கு முறைய போட்டேன். சத்தமான குரல முதல்ல குறிச்சு, அதைக் கழிச்சுட்டு, மிச்சத்தக் கேக்கும்."

"நம்ம கணக்கப்புள்ளயேதான்," என்று சிரித்தாள் ஜீவராணி. "நான் குரல் குடுத்தா அடுத்தவளுக்குப் பேரு போடுவாரு."

"முதல் குரல தப்பாக் குறிச்சா அடுத்ததும் தப்பாயிரும் அக்கா. கீழ் லயத்துப் போனெல்லாம் ஒரே பாறையில பட்டு வருது. ரெண்டு பேரு பேசுனா ஒரே குரல் மாதிரி இருக்கும்."

ஜீவராணியின் சிரிப்பு நின்றது. "அன்னைக்கு நான் தங்கச்சியோட பேசிக்கிட்டிருந்தேனே…"

"உங்க தப்பில்ல. நான் மேட்டு லயத்துல மட்டுந்தான் சோதிச்சேன். மழைன்னு கீழ இறங்கல."

தகரக் கூரையில் மழை இரைந்தது. பொன்னையா குடையைக் கதவில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் போன மாத்தாததால இல்லையா?"

"ஆறு தரமும் டவர் பதிவுல இருக்கு மாமா. உடஞ்சு உடஞ்சு."

"எழுதுனா உன் வேலை போயிருமேம்மா," என்றேன்.

"மேலதிகாரிங்ககிட்ட வாயால சொல்லிப் பாத்துட்டேன் அண்ணே. இன்னும் அதே முறைதான் ஓடுது. எம் பேரோட எழுதுங்க."

எழுதினேன். பொன்னையா கையெழுத்து வைத்தார். பிரேமினியை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

திங்கள் காலை நோர்வூட் தபாற்கந்தோருக்கு அவரும் வந்தார். "போனையும் உள்ள வச்சிரலாமா? நல்லாருக்குன்னு பாக்கட்டும்."

வேண்டாம் என்றேன். உறையின் வாயைப் பசை தடவி ஒட்டி, பதிவுத் தபாலில் கொடுத்தேன்.