கொண்டவர்

"பக்கிரிசாமி உனக்கு என்ன முறை?" என்று யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் வீரசிங்கம் கேட்டபோது மாரியாயி பக்கிரிசாமியைப் பார்த்தாள். கிள்ளான் கோர்ட்டின் சாட்சிக் கூண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட் துரை பேனாவோடு காத்திருந்தார். போலீஸ்காரர்களுக்கு நடுவே பக்கிரிசாமி தலைகுனிந்து நின்றான். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் கங்காணி அய்யாவு மட்டும் தலைப்பாகையோடு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புகார் அய்யாவு கொடுத்தது. மாரியாயி தன் பெண்டாட்டி, பக்கிரிசாமி அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று. காலராவில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாகப்பட்டினத்துக் கூலி டிப்போவுக்கு அவள் தனியாகத்தான் வந்தாள். தனிப்பெண்ணைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று சொல்லி, "என் பெண்டாட்டி" என்று அய்யாவு அங்கே கைகாட்டினான். அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகத் தோட்டத்தில் வருஷக்கணக்காக அடி வாங்கினாள். ஒரு மத்தியானம் பால்வாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டு, கூட வேலை செய்த பக்கிரிசாமியோடு நடந்துவிட்டாள். கிள்ளான் பாசார் சந்தையில் பிடித்துவிட்டார்கள்.

"கொண்டவரு" என்றாள். அவளுடைய அம்மா, அப்பாவை அப்படித்தான் சொல்வாள். பெயர் சொல்லமாட்டாள்.

வீரசிங்கம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையின் பேனா உடனே ஓடியது. அய்யாவுவின் வக்கீல் உதட்டுக்குள் சிரித்தான். தன் வாயிலிருந்து போன சொல் அந்தப் பக்கம் வேறு எதுவாகவோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

"இஞ்ச பார் பிள்ளை," வீரசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நான் எடுத்தவர் எண்டு சொல்லிப்போட்டன். தூக்கிக்கொண்டு போனவரோ எண்டு துரை கேக்கிறார்."

"தூக்கிட்டுப் போகலீங்க. கொண்டவரு."

"எனக்கு விளங்குது. புருஷனுக்கு அது ஆதிகாலத்துச் சொல்லு. கொள்ளுறது எண்டால் எடுக்கிறதும்தான், ஏற்கிறதும்தான். ஆனா இவையளின்ர பாஷையில ரெண்டையும் ஒரு சொல்லுக்குள்ள வைக்க எனக்குத் தெரியேல்லை."

பானை தண்ணீர் கொள்ளும் என்று சொல்வதில்லையா, அதையாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதுவும் அந்தப் பக்கம் என்னவாகப் போகுமோ. பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னதில் ஏதோ பிசகிவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

வீரசிங்கம் துரையிடம் நெடுநேரம் பேசினார். நடுவில் 'கொண்டவர்' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. துரை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது வேறு யாருடைய பெயரோ போலிருந்தது.

"கொள்ளுறவன் இருந்தால் குடுக்கிறவனும் இருக்க வேணுமே, உன்னை ஆர் குடுத்தது எண்டு கேக்கிறார்."

அய்யாவு சாய்ந்திருந்தவன் முன்னால் வந்தான். கொடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும் ஒரே குழியில் கிடக்கிறார்கள். யாரும் கொடுக்கவில்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. பொய் சொல்லவும் ஒரு பெயர் நினைவுக்கு வரவில்லை.

"குடுக்க யாரும் இல்லீங்க," என்றாள். "நானே குடுத்தேன்."

வீரசிங்கம் இந்த முறை யோசிக்காமல் சொன்னார். துரை எழுதவில்லை. அய்யாவுவின் பக்கம் திரும்பி, அவன் தாலி கட்டியதைப் பார்த்தவர் யாரென்று கேட்டார். அய்யாவு வக்கீலைப் பார்த்தான். வக்கீல் குனிந்து பேப்பரைப் புரட்டினான்.

கல்யாணத்துக்குச் சாட்சி இல்லை என்று பக்கிரிசாமியை விட்டுவிட்டார்கள். வராந்தாவில் வீரசிங்கம் வேகமாக வந்து, "தோட்டத்துப் பக்கம் போகாதேங்கோ. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில ரயில்வே வேலைக்கு ஆள் எடுக்கினம்," என்றார். அய்யாவுவை அங்கே காணவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கோலாலம்பூர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

"உள்ள என்னதான் சொன்னே?" என்று பக்கிரிசாமி ஒருமுறை கேட்டான். அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்பெட்டிகளைப் பார்த்தாள்.

பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நின்றது. பின்பெட்டியிலிருந்து தலைப்பாகை கட்டிய ஒருவன் இறங்கி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி குழாயில் குனிந்து தண்ணீர் குடித்தான். அது அய்யாவுதானோ என்று மாரியாயி பக்கிரிசாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். விசில் ஊதியது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே பக்கவாட்டில் நடந்து பெட்டிக்குள் ஏறினான்.