வாப்பா வாங்கி வந்த கோய் மீன்கள்

தொண்ணூற்றாறில், மீன்பிடிகாரரான என் வாப்பா கொழும்பிலிருந்து கோய் எனும் அழகு மீனின் விரல் நீளக் குஞ்சுகள் ஐந்தைப் பொலித்தீன் பையில் வாங்கி வந்தார். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வளவுக்குள் சின்னக் குளம் வெட்டி, சீமெந்து பூசி, அவற்றை அதில் விட்டார்.

"கடல்ல புடிக்கிற மீன் காணாதா? இதக் கறி வெக்கவும் ஏலாது," என்ற உம்மா குளத்தின் பக்கமே போகவில்லை.

ஒருமுறை கடலுக்குப் போன வாப்பாவின் போட் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை உம்மா குளக்கட்டில் குந்தியிருந்து, அவித்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தின்னுங்க. அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற?"

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வாப்பா வந்தார். எஞ்சின் பழுதாகி ஒலுவிலில் கரையொதுங்கினார்களாம். தாடியெல்லாம் உப்பு. நேரே குளத்தடிக்குப் போனவரை உம்மா மறித்தார்.

"அதுகளுக்குப் போட்டாச்சி. நீங்க வந்து சோறு தின்னுங்க."

அதன்பிறகு தீன் போடும் வேலையை உம்மா யாருக்கும் விடவில்லை. முழங்கை நீளம் வளர்ந்த மீன்கள் அவருடைய காலடி கேட்டதும் கூட்டமாக வரும். வாப்பா போனால் ஒவ்வொன்றாக, ஆறுதலாகத்தான் வரும். அதில் வாப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.