கொண்டைக்கரட்டு உச்சியில் கல்வெட்டு

தம்பிதுரை கொண்டைக்கரடு என்கிற குன்றின் உச்சியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஊருக்குத் தெரிந்தது வேறு.

துடியலூர்ப் பக்கம் மாட்டுத்தீவன மில் வைத்திருக்கும் தம்பிதுரைதான் 'பசுமைப் பாதங்கள்' நடைப் பேரவையின் நிறுவனர், தலைவர், ஆண்டு மலரின் ஆசிரியர் எல்லாம். ஞாயிறு விடிந்தால் பேரவை கார்களில் வந்து கரட்டின் அடிவாரத்தில் இறங்கும். ஒவ்வொருவர் காலிலும் இமயமலைக்குப் போகிற பூட்ஸ், கையில் மடக்குத் தடி, முதுகில் தண்ணீர்ப் பை. பாதி வழியில் எருமை படுத்த மாதிரி ஒரு பாறை. ஆடு மேய்க்கிறவர்கள் அதற்கு இட்டிலிப் பாறை என்று பேர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் பேரவை அங்கேதான் பொட்டலம் பிரிக்கும். பேரவையின் நடை அதோடு சரி.

போட்டோக்கள் மட்டும் மேலே போகும். தலைவர் பாறைமேல் ஏறி நிற்க, எடுக்கிறவர் கீழே மண்டி போட்டு எடுத்தால், பின்னால் வானத்தைத் தவிர ஒன்றும் விழாது. 'உச்சியில் நம் தலைவர்' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கும்பிட்ட கைகளாக வந்து குவியும்.

பேரவை மலரில் தம்பிதுரை ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். 'கரட்டின் மறுபுறம் கண்கொள்ளாக் காட்சி. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வனம். மயில்களின் நடனம். என்னை மறந்தேன்.' இதை அவர் எழுதியது அடிவாரத்தில், காருக்குள், ஏசி போட்டுக்கொண்டு.

மலரைப் படித்த துணைத்தலைவர் லட்சுமணசாமி, நூல் மில்காரர், சும்மா இருப்பாரா? "நானும் போன மாசம் மேல போயிருந்தனுங்க. மயிலை வுடுங்க, அங்க ஒரு சுனை இருக்குது பாத்தீங்களா? அதுல தண்ணி குடிச்சேன், இளநி கெட்டுது போங்க!" என்றார்.

தம்பிதுரை தலையை ஆட்டிவைத்தார். சுனை இருக்கிறதோ என்னவோ! எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வருஷ மலரில் ஒரு சுனையைச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் ஆளாளுக்கு அந்தச் சுனைத் தண்ணீரைக் குடித்தார்கள். ஒருத்தருக்கு மூட்டுவலியே போய்விட்டதாம்.

இந்த லட்சுமணசாமிக்கும் தம்பிதுரைக்கும் கரட்டை விட்டு இறங்கினாலும் போட்டிதான். லட்சுமணசாமியின் நூல் மில் ரோட்டை விட நாலடி உயரத்தில் நின்றது. தம்பிதுரை அதற்கு எதிரே மனைவி பேரில் 'புவனா மஹால்' என்று கல்யாண மண்டபம் கட்டினபோது, பள்ளத்துக்காடாகக் கிடந்த இடத்தை ஆறடி தூக்கினார். மில்லிலிருந்து பார்த்தால் கழுத்து நிமிர வேண்டும், அதுதான் கணக்கு. மண் அடித்தது லாரிக்கார மாசாணம். "சுத்தமான செம்மண்ணுங்கண்ணா, ஒரு வேர் இருக்காது. எங்கிருந்துன்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். தம்பிதுரை கேட்கவில்லை. நல்ல மண்ணாக இருந்தது, போதாதா? தினமும் சாயங்காலம் மஹாலின் கார் நிறுத்தும் மேட்டில் நின்று, மேற்கே தெரிகிற கொண்டைக்கரட்டைக் காட்டி, கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், "அது என்ற மலையாக்கும்" என்பார்.

பேரவையின் பத்தாம் ஆண்டு விழாவுக்குக் கருங்கல்லில் ஒரு கல்வெட்டு தயாரானது. 'மலைமைந்தர் தம்பிதுரை காட்சிமுனை. இங்கு நின்று இயற்கையைக் கண்டு இன்புறுக.' அடிவாரத்தில், கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நட்டுவிடலாம் என்பது தலைவரின் திட்டம்.

"அதெப்படீங்க?" என்று கூட்டத்தில் எழுந்தார் லட்சுமணசாமி. "காட்சி உச்சியிலயல்லங்க இருக்குது? அங்கயே நட்டுப்போடோணும். தலைவர் எத்தன தடவ ஏறுன எடம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். தம்பிதுரையும் தட்டவேண்டியதாயிற்று. ஆனாலும் அவர் மில்லை நடத்துகிற ஆள். "ஆகட்டுமுங்க. ஆனா லட்சுமணசாமியண்ணன்தான் தொறந்து வெக்கோணும். சுனையைக் கண்டுபுடிச்சவரு அவருதானுங்களே!" என்றார். லட்சுமணசாமியின் கை தட்டல் பாதியில் நின்றது.

விழாவுக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாட்டில் புவனா கேட்டாள். "ஏனுங்க, நெசமாலுமே அந்த உச்சிக்குப் போயிருக்கறீங்களா?"

"என்ன கேள்வி இது அம்மணி? தொண்டை வறளச் சொல்லியிருக்கேன்."

"அதில்லீங்க. போன வாரம் மாடிப்படி ஏறறப்ப நடுவுல உக்காந்துட்டீங்களே, அதனால கேட்டேன்."

பக்கத்தில் இருந்த மகள் பிரவீனா சிரிப்பை அடக்கத் தட்டைப் பார்த்தாள். தம்பிதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வழி தப்பினால்? சுனை இல்லாவிட்டால்? பேர் பொறித்த கல்லோடு ஊர் முன்னால் நின்று, இவன் இங்கே வந்ததே இல்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் தீவன மூட்டைக்குக்கூட மரியாதை இருக்காது.

விடிந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்வெட்டை இரண்டு ஆட்கள் கழியில் கட்டித் தூக்கினார்கள். பின்னால் பேரவை, அதற்குப் பின்னால் புவனா. பிரவீனா அப்பாவின் போனிலேயே வீடியோ எடுத்துக் குழுவுக்கு நேரலையாக விட்டுக்கொண்டு வந்தாள்.

இட்டிலிப் பாறையைத் தாண்டியதும் ஆளாளுக்கு அடுத்தவரை முன்னால் விட்டார்கள். பாதை பாறைக்கு மேல் புல்லில் மறைந்திருந்தது. உசிலை மரங்களின் நடுவே செங்காந்தள் நெருப்பு மாதிரி பூத்துக் கிடந்தது. காரை முள் சட்டையைப் பிடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈர மண் வாசத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. எங்கேயோ மயில் அகவியது. தம்பிதுரைக்கு உயிர் வந்தது. மயில் இருக்கிறது! எழுதினது பொய்யில்லை! மலை இத்தனை அழகா? இத்தனை வருஷம் இட்டிலி தின்றுகொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தோமே என்று நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது.

"சுனை எந்தப் பக்கமுங்கண்ணா?" என்று லட்சுமணசாமியைக் கேட்டார்.

"அக்கட்டால... உச்சி தாண்டி சித்தெ கீழ" என்றார் லட்சுமணசாமி, மூச்சு வாங்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு.

கடைசி மேடு. தம்பிதுரை முதல் ஆளாகக் காலை வைத்து, பச்சைக் கம்பளத்தைக் காட்டுவதற்குக் கையை நீட்டினார்.

நீட்டின கை நீட்டினபடி நின்றது.

மறுபுறம் இல்லை.

வனம் இல்லை, சுனை இல்லை, சரிவே இல்லை. அவர் பூட்ஸ் முனைக்கு ஒரு முழம் தள்ளிக் கரடு கத்தியால் வெட்டின மாதிரி முடிந்து, செங்குத்தாக இறங்கி, பனைமர ஆழத்தில் ஒரு செக்கச் செவேலென்ற குழியாகக் கிடந்தது. அடியில் மழைத்தண்ணீர் ரத்தம் மாதிரி தேங்கியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் பொக்லைன், வரிசையாக டிப்பர் லாரிகள். ஊருக்குத் தெரிகிற முன்பக்கத்தை மட்டும் மரம் மட்டையோடு நிறுத்திவைத்துவிட்டு, மலையை உள்ளேயிருந்து தின்று முடித்திருந்தார்கள். மேலே ஒரு மயில், நிற்க இடமில்லாமல், ஓரத்தில் தொங்கின வேர் ஒன்றில் உட்கார்ந்து அகவிக்கொண்டிருந்தது.

பேரவை ஒவ்வொருவராக வந்து நின்றது. "அய்யோ, இது எப்ப நடந்துது?" என்று தம்பிதுரைக்கு வாய்வரை வந்தது. கேட்க முடியாது. போன மாசம்தானே 'உச்சியில் நம் தலைவர்' போட்டோ போனது? லட்சுமணசாமியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவரும் கேட்க முடியாது, அதே இடத்தில் சுனைத் தண்ணீர் குடித்தவராயிற்றே? மூட்டுவலி போனவர் மெல்ல முழங்காலைத் தடவிக்கொண்டார். இத்தனை பேரும் திடுக்கிட்டு நின்றார்கள், திடுக்கிட்டதாக ஒருத்தரும் காட்டிக்கொள்ள முடியவில்லை.

"ஏனுங்க," என்றாள் புவனா, "சுனை எங்கீங்க?"

லட்சுமணசாமி இருமினார். "வெயில் காலத்துல... வத்திப்போயிருக்குமுங்க அம்மணி."

"ஐப்பசியிலயா?"

பிரவீனா கையிலிருந்த போன் அடித்தது. 'மாசாணம் லாரி'. அவள் பதறிப்போய் எதையோ அமுக்க, ஒலிபெருக்கியில் குரல் கணீரென்று வந்தது.

"அண்ணா! மேல நிக்கறது நீங்கதானுங்களா? கீழிருந்து பாக்கறேன், சட்டையைப் பாத்தா நீங்களாட்டத்தான் இருக்குது!"

குழிக்குள் லாரிப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் உற்சாகமாகத் துண்டை வீசியது.

"அண்ணா, மொதல்ல பின்னால போங்க! நீங்க நிக்கற எடத்துக்கு அடியில ஒண்ணுமில்லீங்க, நோண்டிப்போட்டோம்! மேல வெறும் தோலுதான் நிக்குது!"

அதற்கப்புறம் நடந்ததைப் பேரவை மலர் எழுதாது. இமயமலைப் பூட்ஸ்கள் ஒன்றையொன்று மிதித்தன. மடக்குத் தடிகள் மடங்கின. துணைத்தலைவர் நாலுகாலில் பின்னேறினார். கல்வெட்டைத் தூக்கினவர்கள் அதைப் போட்டுவிட்டு ஓட, 'இயற்கையைக் கண்டு இன்புறுக' வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

உசிலை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தம்பிதுரை கத்தினார். "டேய் மாசாணம்! யாருக்குடா இத்தனை மண்ணு?"

"என்னங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க? உங்களுக்குத்தானுங்க! புவனா மஹாலுக்கு அடிச்சமே, அது பூராவும் இந்த உச்சிதானுங்க. பழைய உச்சி அகலமா மைதானமாட்டம் இருக்கும். வேர் இல்லாத மண்ணுன்னு சொன்னனுங்களே, பாறையிடுக்குல இருந்து பாத்துப் பாத்து எடுத்தேன்!"

லட்சுமணசாமிக்கு நாலுகாலில் இருந்தபடியே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தொண்டையைச் செருமினார். "கேட்டீங்களா எல்லாரும்..."

"லட்சுமணசாமியண்ணன் கொரலாட்டம் கேக்குதே! அண்ணா, உங்க மில்லு மஹாலை விட ரெண்டடி ஒசரமாகோணும்னீங்களே, அந்த மண்ணுதானுங்க இப்ப ஏத்தறோம். சாயங்காலம் வந்துரும்!"

வெளிச்சம் அணைந்தது. காற்று மட்டும் அடித்தது. போனில் குழுவின் பதில்கள் ஏறிக்கொண்டே இருந்தன. கும்பிட்ட கைகள், பூங்கொத்துகள். 'அருமையான காட்சி தலைவரே!' யாரும் வீடியோவைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது.

இறங்கும்போது இட்டிலிப் பாறையில் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மஹாலில் ஒரு வரவேற்பு. மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தம்பிதுரை கார் நிறுத்தும் மேட்டில் தனியாக நின்றார். கல் பதிக்காத ஓரத்தில் செம்மண் ஈரமாகத் தெரிந்தது. மழைக்கு அதில் ஒரு கொடி முளைத்து, ஒற்றைச் செங்காந்தள் பூத்திருந்தது. இத்தனை நாளும் கண்ணில் பட்டதேயில்லை. அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மேற்கே கொண்டைக்கரடு எப்போதும்போல் கம்பீரமாகத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு வந்த ஒருத்தர் கேட்டார். "அது உங்க மலைங்களா?" தம்பிதுரை செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிரவீனா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்த உச்சியில ஒருநாளாவது நின்னிருக்கீங்களா?"

அவர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நின்னிருக்கேன் கண்ணு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தெனமும் சாயங்காலம்."