சபையில் கறுத்த சேலை

தனுஷ்கோடி வாத்தியார் இராஜபாளையத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவர். தங்கை மாடத்திக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. வந்த வரனெல்லாம் தட்டிப்போய், ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று கூடிவந்தது. மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

நிச்சயத்துக்கு வீடு பற்றாது என்று தெருவில் ஜமுக்காளம் விரிக்கச் சொன்னவர் வாத்தியார்தான். முனிசிபாலிட்டி அந்த வாரம்தான் சோடியம் விளக்கு மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே விரித்தால் தெருவே ஜொலிக்கும் என்று பெருமை வேறு.

பொழுது அடைந்தது. பெண் கட்டிக்கொள்ளும் முன்னால் நிச்சயச் சேலையைச் சபைக்கு விரித்துக் காட்டுவது வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளத்தாய் விரித்தாள். வாத்தியாரின் அத்தை ஆவுடையம்மாளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ன மதினி, நல்ல காரியத்துக்குக் கறுப்புச் சேலையா கொண்டாந்திருக்கீக?"

சபை எட்டிப் பார்த்தது. கறுப்பேதான். வெள்ளத்தாய்க்கே முகம் செத்துப்போனது.

"பட்டப்பகல்ல பாத்து எடுத்த மயில்கழுத்துச் சேலை இது. ஒங்க வாசலுக்கு வந்ததும் எப்படிக் கறுத்துச்சு?"

வாத்தியாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரிப்புகூட வந்தது, பாவம்.

"எல்லாம் இந்த லைட்டு பண்ற வேலை. உள்ள சோடியம் இருக்கு. கரண்டு பட்டதும் அதோட எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறும். திரும்பக் கீழ்படிக்கு இறங்கையில கூடுதல் சக்திய வெளிச்சமா விட்டுட்டுத்தான் இறங்கும். எம்புட்டு இறங்குதோ அதுக்குத் தக்கன கலரு. சோடியத்துக்கு மஞ்சள்தான் தூக்கல், நீலம் சொற்பம். விழாத நீலத்தைச் சேலை எங்கிட்டிருந்து திருப்பிக் குடுக்கும்?"

படித்தவன் பேச்சு கல்யாணச் சபையில் என்றைக்கு எடுபட்டது?

"செத்த உள்ள வாங்க, கண்ணாலேயே பாருங்க" என்று சேலையோடு வெள்ளத்தாயை வீட்டுக்குள் கூட்டிப்போனார். குண்டு பல்பின் வெளிச்சத்தில் மயில்கழுத்து மின்னியது. தலை நிறையப் பூவோடு காத்திருந்த மாடத்தி முந்தானையைத் தடவிப் பார்த்து, "நல்லாருக்குண்ணே" என்றாள். வாத்தியார் அதை அவள் கையிலிருந்து வாங்கி, நிரூபிக்கிற உற்சாகத்தில் மறுபடி வெளியே கொண்டுவந்து விரித்தார். மறுபடி கறுத்தது.

"பாத்தீகளா?"

"பாத்தேன் தம்பி" என்றாள் வெள்ளத்தாய். "வீட்டுக்குள்ள நல்லாருந்து சபையில கறுத்துச்சே. எம்மகன் வாழ்க்கையில இப்படி ஒண்ணைத் தெரிஞ்சே எப்படிக் கட்டிவைப்பேன்?"

சண்டைக்காரி என்றால் சமாளிக்கலாம். அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். ஆவுடையம்மாள் வெள்ளத்தாயின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள், தன் கன்னத்திலேயே போட்டுக்கொண்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மாப்பிள்ளை தன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். அவள் சேலையை மடித்துத் தட்டோடு எடுத்துக்கொண்டாள். அவர்கள் வந்த வேன் கிளம்பிவிட்டது. போகிற வேனை மறிக்கிற பாடம் எதுவும் வாத்தியாருக்குத் தெரியாது.

உள்ளே போனார். மாடத்தி பூவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, அது கறுப்பே இல்ல. நான் எம்புட்டோ சொன்னேன்..."

"கறுப்பாவே இருந்திருக்கட்டும்ணே" என்றாள் அவள். "என்கிட்ட குடுத்திருந்தா நான் கட்டியிருப்பேன்ல."