மூன்றாவது பாட்டில் வந்த ரோஜா

டிவியில் மறுபடியும் ரோஜாப்பூ விரிந்தது. ஆனந்தலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் சாலையில் கிருஷ்ணன்குட்டிக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கல்யாணம் எடுப்பார், காசெட் வாடகைக்கு விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியைக் கடை வாசலுக்குத் தூக்கி வந்து, ‘லெவல் கிராஸ்’ குழு பூவாரில் நடத்திய கச்சேரியை ஓடவிட்டிருந்தார். நியூ வேவ் என்று நோட்டீஸில் போட்டுக்கொண்டு, கீபோர்டும் கிட்டாரும் டிரம்மும் வைத்து, ஊர்ப்பேச்சிலேயே பாட்டுக் கட்டிப் பாடுகிற குழு அது. கச்சேரி அன்றைக்குப் பார்த்து பஸ் சமரம் வந்து ஒரு வண்டியும் ஓடாததால் இந்தப் பக்கத்து ரசிகர்கள் ஒருத்தராலும் பூவாருக்குப் போக முடியவில்லை. வீடியோ வரட்டும், வரட்டும் என்று கிடந்தவர்கள் இப்போது சாலையை அடைத்து நின்றார்கள்.

அந்தக் குழுவில் கீபோர்டு வாசிப்பவள் ஆனந்தலட்சுமிதான். ஆனால் ரசிகர்களில் ஒரு ஆளுக்கும் அது தெரியாது. முதலில் வந்த பாட்டுக் காசெட்டின் அட்டையில் ‘கீபோர்டு: ஆனந்த்’ என்று அச்சடித்துவிட்டான் பாட்டுக்காரன் விஜயதாஸ். “மொதல்லியே பெண்பிள்ளைக்க பேரப் போட்டா ஆளுவ வேற மாதிரி பேசும். வீடியோவுல நீ நின்னு வாசிக்கியத எல்லாரும் பாக்கும்லா, அப்பம் தெரியட்டு” என்றான். அந்த வீடியோவை நம்பித்தான் இவளும் இத்தனை நாள் ஆனந்தாக இருந்தாள். மூன்றாவது பாட்டு அவளே கட்டியது. நடுவில் எல்லாம் ஓய்ந்து கீபோர்டு மட்டும் தனியாகப் போகும். அந்த இடத்தைச் சொல்லிச் சொல்லி ஊர்ப் பையன்கள் உருகுவார்கள்.

அந்த இடத்தில்தான் ரோஜா. மாலை மாற்றும்போது கல்யாண வீடியோவில் மூலையிலிருந்து விரியுமே, அதே சிவப்பு ரோஜா. விஜயதாஸின் வியர்வையைக் காட்டினார், டிரம்காரனின் கட்டையைக் காட்டினார், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்து மெம்பரின் கைக்கடிகாரத்தைக்கூடக் காட்டினார் படம் எடுத்த கிருஷ்ணன்குட்டி. கீபோர்டு பக்கம் காமிரா திரும்பினால் மட்டும் பூ.

“எலே, ஆனந்து எங்கலே?” என்று ஒருத்தன் கத்தினான்.

“எங்க இருக்கியான்? டேப்பாக்கும் ஓடுகு. லைவுன்னு பறஞ்சிட்டு நம்மள மடையனாக்குகானுவ!”

எல்லோரையும்விட ஆவேசமாக நின்றவன் அகிலேஷ். கல்யாண வீடுகளில் மட்டும் கிருஷ்ணன்குட்டிக்கு லைட் பிடிக்கிறவன். பாட்டுக் காசெட் தேய்ந்து அழ ஆரம்பிக்கும்வரை கேட்டவன். “இந்த ஒரு வாசிப்புக்காக்கும் நான் ஒரு மாசமா காத்துக் கெடந்தேன். ஒரு விரலு, ஒரே ஒரு விரலக் காட்டினானா? சுத்தத் தட்டிப்பு, ஏமாத்து!” என்று கடைப்பலகையில் ஓங்கி அடித்தான்.

“டிரம்மு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆனந்து இல்லாத்த லெவல் கிராஸு என்ன லெவல் கிராஸு?”

“எனக்கு அந்த ரோஜாப்பூ பிடிச்சுது. தங்கச்சிக்க கல்யாணத்துக்கும் அதப் போடச் சொல்லணும்” என்றார் பின்னாலிருந்து ஒரு புண்ணியவான்.

குடையை மடக்கிக்கொண்டு ஆனந்தலட்சுமி கூட்டத்துக்குள் நுழைந்தாள். “டேப்பும் இல்ல, கீப்பும் இல்ல. நானாக்கும் வாசிச்சேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் சிரித்தான். அது நாலைந்து பேருக்குத் தொற்றியது. அவள் சட்டை செய்யவில்லை. கடைப்படியில் நின்ற விஜயதாஸைப் பார்த்து, “சொல்லும் தாஸண்ணா. வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்கியரு?” என்றாள்.

விஜயதாஸின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஆனந்து கல்ஃபுக்குப் போயிட்டான் மக்கா. விசா திடீருன்னு வந்துது. அதாக்கும் பூவாருல டேப்பு போட வேண்டியதாப் போச்சு.”

“அய்யோ, போயிட்டானா!” என்று அகிலேஷ் தலையில் கைவைத்தான். கோபமெல்லாம் இறங்கி, செத்த வீட்டில் பேசுவதைப் போல ஆனந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவனுடைய விரல் மாதிரி இனி யாருக்கு வரும் என்றார்கள். அந்த விரல்கள் குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றன. ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கிருஷ்ணன்குட்டியைக் கடைக்குள் மடக்கினாள். “எனக்க மூஞ்சியில எதுக்கு வே பூவப் போட்டியரு?”

“என்னை ஏசாத பிள்ளே. ஒனக்க அண்ணனாக்கும் பறஞ்சாரு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க கண்டா கல்யாண ஆலோசனை முடங்கிப் போவுமாம். தாஸுக்கும் இது தெரியும்.”

“அப்பம் பூ போடாத்த காசெட்டு?”

“அதுக்க மேல ஒரு கல்யாணம் எடுத்தாச்சே” என்றார் அவர், ஏதோ சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டதாகச் சொல்வதைப் போல.

வீட்டில் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பிடுங்கி எறிந்தாள். “பூவாருக்கு எனக்கக் கூடத் தொணைக்கு வந்தவன்தானே நீ? மொத வரிசையில இருந்து கை தட்டினியே!”

“கேக்கியது வேற, ஊரு காணியது வேற. மாப்பிள்ள பேங்கிலயாக்கும். வாற ஞாயிறு நிச்சயதார்த்தம். கண்டவன்மாருக்க நடுவுல நீ நிக்கிய வீடியோ நமக்கு வேண்டாம்.”

“நான் கட்டின பாட்டு அண்ணா அது!”

“அதுக்கு இப்பம் என்ன? பாட்டு இருக்குல்லா. ஒனக்க மூஞ்சி எதுக்கு?”

அம்மா பகவதியம்மாள் அடுக்களை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஆனந்தலட்சுமி அழவில்லை. அழுதால் இவன்கள் ஜெயித்ததாகிவிடும். மறுநாள் கடைக்குப் போய் கீபோர்டுக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு வைத்தாள். இந்த ஊர் கரண்டையும் அவள் நம்பவில்லை, இந்த ஊர் ஆட்களையும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். ஜன்னல் கதவுகளெல்லாம் சாத்தி, வீடியோ லைட்டைப் போட்டிருந்தார்கள். அகிலேஷ் லைட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான். கிருஷ்ணன்குட்டியின் தோளில் காமிரா. “பிள்ளைக்க மூஞ்சிய நல்லாக் கிட்ட வந்து எடும்” என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னது பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தவளின் காதில் நன்றாகவே விழுந்தது. இன்றைக்கு மட்டும் மூஞ்சி வேண்டும், அப்படித்தானே.

தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: “பிள்ளைக்குப் பாட்டெல்லாம் அறியுமா?”

“சாமிப் பாட்டு கொஞ்சம் பாடும்” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

ஆனந்தலட்சுமி எழுந்தாள். அறைக்குள் போய்க் கீபோர்டைத் தூக்கி வந்தாள். தேங்காயும் பழமும் இருந்த மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அதை வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நேராக மூன்றாவது பாட்டின் அந்த நடு இடத்தில் தொடங்கினாள். இத்தனை நாள் ஆத்திரமும் விரலில் இறங்கியது. பூவாரில்கூட அவள் இப்படி வாசித்ததில்லை.

லைட் வெளிச்சம் அவள் முகத்திலிருந்து சரிந்து விரல்களில் வந்து நின்றது. அகிலேஷ் லைட்டோடு ஓரடி முன்னால் வந்தான். கிருஷ்ணன்குட்டி பழக்கதோஷத்தில் காமிராவைப் பூத்தட்டின் பக்கம் திருப்பினார். “ஆசானே, அங்கோட்டு இல்ல, இஞ்ச பிடியும்!” என்று அகிலேஷ் அதட்டினான்.

“நிறுத்துட்டீ!” ஈஸ்வரமூர்த்தி பாய்ந்து வந்தான். தங்கையைத் தொட வந்த கை, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதைக் கண்டு வேறு பக்கம் போனது. வயர்களெல்லாம் போய்ச் சேரும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

லைட் அணைந்து கூடம் இருண்டது. அதே பிளக்கில் மாட்டியிருந்த மின்விசிறி சுற்றி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

பிளக்கைக் கையில் பிடித்தபடி ஈஸ்வரமூர்த்தி அப்படியே நின்றான். இருட்டில் கிருஷ்ணன்குட்டியின் காமிராவில் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“டேப்பு இல்ல…” என்றது அகிலேஷின் குரல். “அப்பம் ஆனந்து கல்ஃபுக்குப் போவலியா?”

“எவன் பறஞ்சான்?” வாசித்துக்கொண்டே ஆனந்தலட்சுமி சொன்னாள். “ஆனந்து இஞ்ச தாம்லே இருக்கா.”