வக்கீலுக்கு ஒரு ஸ்வெட்டர்

வக்கீலுக்கென்று ஆரம்பித்த எந்த ஸ்வெட்டரும் அதுவரை வக்கீலின் உடம்பில் ஏறியதில்லை.

வக்கீல் என்றால் கோட்டு போட்ட வக்கீல் இல்லை. ஏழு வயதுப் பெண். எதற்கும் நியாயம் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர். அவளுக்கு அடுத்தவன் ஐந்து வயதுப் புயல். அவன் ஒரு அறைக்குள் போய்விட்டு வந்தால் அங்கே நின்றுகொண்டிருந்த எதுவும் நின்றுகொண்டிருக்காது. கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அவளை ஏன் பூசணி என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்கு அவள் கன்னங்களே பதில்.

இந்த மூன்று பேரின் அம்மா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் மூன்று தலைகளைச் சீவி, மூன்று டப்பாக்களில் சாப்பாடு அடைத்து, ஆறு செருப்புகளில் எப்போதும் காணாமல் போகிற அந்த ஒன்றைக் கட்டிலுக்கடியில் தேடி எடுத்துவிட்டுத்தான் கடைக்கு ஓடுவாள். சாயங்காலம் அதே ஓட்டம் திரும்பி வரும். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகவேண்டும். இதற்கு நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷம், கால் மணி நேரத்தில்தான் அவள் பின்னல் ஊசியைக் கையில் எடுப்பாள். அதனால் அவள் பின்னுகிற வேகத்தைவிடப் பிள்ளைகள் வளர்கிற வேகம் எப்போதும் ஒரு படி அதிகமாகவே இருந்தது.

பெரியவளுக்கு மூன்று வயதில் அளவெடுத்து ஆரம்பித்த பச்சை ஸ்வெட்டர் முடியும்போது அவளுக்கு ஐந்தாகிவிட்டது. அது புயலுக்குப் போனது. பிறகு, கொஞ்சம் பெரிதாகவே அளவு வைத்து மஞ்சள் ஆரம்பித்தாள். நடுவில் பூசணி பிறந்தாள், தவழ்ந்தாள், நூல் உருண்டையை ஒருமுறை குளியல் வாளிக்குள் போட்டாள். மஞ்சள் முடிந்த அன்று வக்கீலின் தலை கழுத்துக்குள் நுழைந்தது, தோள் நுழையவில்லை. அதுவும் புயலுக்கே. பச்சை, பூசணியிடம் வந்து சேர்ந்தது.

குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பெட்டியைத் திறந்து கம்பளித் துணிகளைக் கட்டிலில் போட்டாள். வக்கீல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இந்தப் பச்சை யாருக்குப் பின்னினது?"

"உனக்குத்தான் கண்ணு."

"மஞ்சள்?"

"அதுவும் உனக்குத்தான்."

"அப்போ ரெண்டும் ஏன் என்கிட்ட இல்ல?"

ஜன்னலோரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டான். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினான். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.

"இனிமே எனக்குன்னு சொல்லிப் பின்னாதம்மா. தம்பிக்குன்னே சொல்லிடு," என்றாள். சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய தன் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானமே அவளையும் கூட்டிக்கொண்டு நூல் கடைக்குப் போய், வக்கீல் கை காட்டிய கத்தரிப்பூ நிறத்தில் நூல் வாங்கி வந்தாள். "மூணே வாரம்," என்று கணவனிடம் சொன்னாள். "அதுக்குள்ள இவ எவ்வளவு வளர்ந்துட முடியும்?"

"நீ பின்னு. இதுங்களைக் குளிப்பாட்டிச் சோறு போடறது என் பொறுப்பு," என்று அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். மறுநாள் புயலைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்தபோது புயல் காய்ந்திருந்தான், அப்பா சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். "லிஃப்டுக்காவது நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்கு," என்றான்.

அவள் எங்கே உட்கார்ந்தாலும் பின்னினாள். குக்கர் சத்தம் போடுவதற்குள் இரண்டு வரிசை. புயல் வீட்டுப்பாடம் எழுதுவதற்குள் நான்கு வரிசை. முதுகுப் பாகம் ஐந்து நாளில் முடிந்தது. அந்தத் தெம்பில், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னாலும் ஊசியை எடுத்தாள். பின்னல் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் இருமல் மாத்திரைப் பட்டையை நீட்டி, "ஒரு நாளைக்கு எத்தனைம்மா போடணும்?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு," என்றாள் அவள், நிமிராமலே.

பெரியவர் மாத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பதறி எழுந்து, "ஐயோ, மூணு! காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு," என்று பட்டையின் மேலேயே எழுதிக் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "பின்னலா, மாத்திரையா? ரெண்டுல ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்," என்றார். நியாயம்தான். பின்னல் பை வீட்டோடு நின்றது.

மூன்றாவது வாரம் பிறந்தபோது முன்பாகமும் முடிந்திருந்தது. கைகள் இரண்டும் பாக்கி. பூசணிக்கு ஜலதோஷம் வேறு. மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றது. மடியில் பிள்ளை இருக்கும்போது ஊசிக்கு ஏது இடம்?

மாடி வீட்டில் அவளுடைய ஓரகத்தி இருந்தாள், கொழுந்தனின் மனைவி. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். அவளுக்கும் பின்னத் தெரியும். ஆனால் கேட்பதற்கு இவளுக்கு மனம் வரவில்லை. பச்சை ஸ்வெட்டர் முடிந்த அன்று, "கழுத்து கொஞ்சம் பிடிக்குமோக்கா?" என்று ஓரகத்தி கேட்டிருந்தாள். அந்த ஒரு கேள்வி இரண்டு வருஷமாக முள் மாதிரி தைத்துக்கொண்டிருந்தது. பின்னல் பற்றி அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது வேறு வழியில்லை. பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

"ஒரு கை பின்னித் தர்றியா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

ஓரகத்தி கதவை அகலத் திறந்தாள். "ரெண்டு வருஷமா நீங்க கேப்பீங்கன்னு இருக்கேன். உள்ள வாங்கக்கா," என்றாள். "அன்னைக்கு நான் கழுத்தைப் பத்திச் சொன்னது தப்பாப் போச்சோ?"

"தப்பு ஒண்ணும் இல்ல. அந்தக் கழுத்தை மாட்டும்போதெல்லாம் புயல் ஊரைக் கூட்டினான். கடைசியில கழுத்தை மட்டும் பிரிச்சுப் பெரிசாப் போட்டேன். உன்கிட்டதான் சொல்லல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பூசணியும் என்னவென்று தெரியாமல் சேர்ந்துகொண்டது.

வலது கை ஓரகத்திக்கு, இடது கை இவளுக்கு. ஒரே நூல், ஒரே ஊசி அளவு, ஒரே கண்ணிக் கணக்கு, ஒரே வரிசைக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் ஓரகத்தி இறங்கி வந்தாள். இரண்டு கைகளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

வலது கை நான்கு விரற்கடை நீளமாக இருந்தது. அகலமும் அதற்கேற்றபடி.

இவள் வரிசைகளை எண்ணினாள். ஓரகத்தி எண்ணினாள். கணக்கில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது கைவாகில். இவள் நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னுகிறவள்; ஊசி கீச்சென்று சத்தம் போடும். எதிரே லாரி வந்தாலும் மாணவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிப் பழகியவளின் கையில் நூலும் மெதுவாக, தளர்வாகவே ஓடியிருந்தது.

"நான் பிரிச்சுப் பின்னித் தர்றேன்க்கா. ஒரு வாரம் கொடுங்க," என்றாள் ஓரகத்தி, முகம் சுருங்கி.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வக்கீல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் தன் கைகள் மேல் வைத்து அளந்து பார்த்தாள்.

"ஒரு வாரம்னா நான் வளர்ந்துடுவேன்," என்றாள். "வேண்டாம் சித்தி. அப்படியே தைச்சுடுங்க."

"ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டையா இருக்கே கண்ணு. பாக்க நல்லா இருக்காதே," என்றாள் அம்மா.

"இந்தக் கை இந்த வருஷத்துக்கு. அந்தக் கை அடுத்த வருஷத்துக்கு," என்றாள் வக்கீல். "இது எனக்குன்னு சொன்னீங்கல்ல? அப்போ நான் சொல்றதுதான்."

அதற்கு மேல் வாதம் இல்லை. விளக்கு போடுவதற்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து தைத்து முடித்தார்கள். தலை நுழைந்தது. தோள் நுழைந்தது. வலது கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டதும் விரல்கள் வெளியே தெரிந்தன. வக்கீல் கண்ணாடி முன்னால் போய் முன்பக்கம் பார்த்தாள், திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள், ஓடி வந்து அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு கை நீளமா வேணும்," என்று புயல் கட்டிலில் ஏறிக் குதித்தான். அப்பா அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தான்.

அடுத்த வாரம் ஒரு நாள் வெயில் நன்றாகவே அடித்தது. மத்தியானம் மருந்துக்கடைக் கண்ணாடிக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகத் தபால் நிலையத்தைப் பார்க்கப் போனார்கள். எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் கத்தரிப்பூ நிறத்தில், வியர்த்து வழிய, கழற்றாமல் நடந்துகொண்டிருந்தாள். கடையைப் பார்த்ததும் அவள் வலது கையைத் தூக்கி ஆட்டினாள். மடிப்பு அவிழ்ந்து கொடி மாதிரி படபடத்தது.

தைலம் வாங்க வந்திருந்த ஒரு அம்மாளும் திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா அது, இந்த வெயில்ல?"

"என் பெரிய பொண்ணு," என்றாள் இவள், இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டே.